கத்திரி வெயிலில் நாயோடு ஏலகிரி போகலாமா?

ஏப்ரல் 6, இரவு 9.50

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் லேப்ரடாருக்கு ஒன்றரை வயது. மே முதல் வாரம் குடும்பத்தோடு காரில் ஏலகிரி போகிறோம். அவனையும் கூட்டிப் போகவேண்டும் என்று பிள்ளைகள் ஒரே அடம். இதுவரை தூரப் பயணம் எதற்கும் அவனை அழைத்துப் போனதில்லை. என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்? ஒரு பட்டியல் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்."

பட்டியல் என்னிடம் உண்டு. என் பாலுவும் நானும் ஏலகிரிக்கு மட்டும் நான்கு முறை போய் வந்திருக்கிறோம். பாலு நாட்டு நாய், 18 கிலோ, செம்மண் நிறம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியதே, அந்த வாரம் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் கேட்டுக்கு அடியில் புகுந்து வந்த குட்டி. அதனால் அந்தப் பெயர்.

தண்ணீர் 5 லிட்டர், வாயகன்ற கிண்ணம் ஒன்று, பழைய போர்வை இரண்டு, தடுப்பூசி அட்டை. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் போதும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் எல்லாம் பணம் பிடுங்கும் வேலை. விடியற்காலையில் கொஞ்சம் தயிர்சாதம் கொடுத்துவிடுங்கள், பசியோடு போகக்கூடாது. டீ குடிக்க இறங்கினால் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் அவன் பாட்டுக்கு இருப்பான். அவ்வளவுதான். போய் வாருங்கள்.

ஏப்ரல் 6, இரவு 11.15

தயிர்சாதத்தை அடித்துவிடுங்கள்.

எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். "மொதல் தடவை போனது மறந்துபோச்சா? சீட்டு உறையைத் துவைச்சது யாரு?" என்று கேட்டாள். நிஜமாகவே மறந்துவிட்டது. நல்லபடியாக முடிந்த பயணங்கள் சேரச் சேர, முதல் பயணம் மங்கிப்போகிறது போலிருக்கிறது.

நடந்தது இது. நாலரைக்குக் கிளம்ப வேண்டும், நாலு மணிக்கு அம்மா ஒரு கிண்ணம் தயிர்சாதம் பிசைந்து வைத்தார்கள். பாலு நக்கித் துடைத்துவிட்டான். பள்ளிகொண்டா டோல் வரை எந்தக் குறையும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி தாண்டினோம். பொன்னேரி கூட்டுரோட்டில் திரும்பி மலை ஏறத் தொடங்கியதும் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். பாரியோ காரியோ, ஏதோ ஒரு வள்ளல் வளைவில் பாலுவும் வள்ளலாகிவிட்டான். அடுத்த வளைவிலும் கொடுத்தான். அதற்கடுத்ததிலும்.

ஆகவே வெறும் வயிறு. புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். விடியற்காலைப் பயணம் என்றால் முந்தின இரவு எட்டு மணிக்குப் போடுவதே கடைசி. தண்ணீருக்குத் தடையில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக. மேலே போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. பசியில் ஒரு நாயும் செத்துவிடாது. இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஏப்ரல் 7

"ஏலகிரி வேலூர் மாவட்டமே இல்லை, திருப்பத்தூர் மாவட்டம்" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். வேலூர் மாவட்டம் என்று நான் எங்கே எழுதினேன்? 2019இல் மூன்றாகப் பிரித்தது எனக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கும் எல்லாமே வட ஆற்காடுதான், நாய்க்கு எந்த மாவட்டமும் இல்லை. மேலே போவோம்.

ஏப்ரல் 9

ஆற்காட்டிலிருந்து ஒரு அக்கா கோபமாக எழுதியிருக்கிறார். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு நாயைக் காரில் விடலாம் என்று நான் சொன்னது தப்பாம். "நிழலும் நகரும், டீக்கடைப் பேச்சும் நீளும்" என்கிறார்.

அஞ்சு நிமிடம்தானே அக்கா? ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஏப்ரல் 13, பிற்பகல்

அக்கா சொன்னதுதான் சரி. என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குக் காரில் போய் உட்கார்ந்தேன். வெளியே 36 டிகிரி. கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கி வைத்து, ஏசியை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் 44. இரண்டு விரல் இடைவெளியால் என்ன பயன் என்று கேட்டால், வெளியே போகும் ஆட்டோ சத்தம் நன்றாகக் கேட்டது, அவ்வளவுதான். பதினெட்டாவது நிமிடத்தில் 50க்கு ஒரு கோடு குறைவு, எனக்குக் கண் எரிந்தது. இடையில் எதிர்வீட்டு மாமா வந்து கண்ணாடியைத் தட்டி, "இன்னாபா, வீட்ல சண்டையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு வேப்பமரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். ஏற்றம் மெதுவாகத்தான் இருந்தது, பத்து நிமிடத்தில் 39. ஆனால் அரை மணியில் நிழல் பானெட்டை விட்டு நகர்ந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, அதனால் தாங்கினேன். நாய்க்கு வியர்வைச் சுரப்பி உள்ளங்காலில்தான். சூட்டை இறக்க அதற்கு இருக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இனி எங்கள் வீட்டுச் சட்டம்: ஒருவர் டீ குடிக்க, ஒருவர் நாயோடு வெளியே நிழலில். தனியாகப் போனால் டீயை வாங்கிக்கொண்டு வந்து நாய் பக்கத்தில் நின்று குடிக்க வேண்டும். நாயோடு நிற்பவனுக்கு டீக்கடையில் தனி மரியாதை கிடைக்கிறது என்பது உபரி லாபம்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். பாயசத்தை நாய்க்கு ஊற்றுபவர்கள் கவனிக்கவும்: உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். திராட்சைப் பழமும் அப்படியே. சர்க்கரைப் பொங்கலுக்கும் இது பொருந்தும். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் காரிலேயே தொன்னையை நீட்டுவார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் 19, நள்ளிரவு தாண்டி

கழுத்துப்பட்டை போதும் என்று முதல் நாள் எழுதினேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காததாலேயே உறுத்துகிறது. வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, பொங்கல் சமயம். திருப்பத்தூரில் ஒரு நண்பன் வீட்டுக்கு நானும் பாலுவும் மட்டும் போனோம். வாணியம்பாடி தாண்டி திருப்பத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடை. மணி ஆறேகால், பனி மூட்டம். சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறக்கினேன், அதில் நான் கவனக்குறைவாக இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்துக்கொண்டு போனது. பாலு முன்னால் இழுக்கவில்லை. பின்னால் இழுத்தான். காதை மடித்து, தலையைத் தாழ்த்தி, ரிவர்ஸில். சங்கிலியும் பட்டையும் என் கையில் இருந்தன. நாய் ரோட்டில் இருந்தது.

நாட்டு நாய்க்கு முகம் ஒடுக்கம், கழுத்து தடிமன். பட்டை உருவிக்கொண்டு வர ஒரு நொடி போதும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் துரத்தினேன். அவன் ஓடினான். நான் நின்றேன், அவனும் நின்று திரும்பிப் பார்த்தான். மறுபடி நான் ஓட, மறுபடி அவன் ஓட. ரோட்டின் அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, ஒரு பால் வண்டிக்காரர் பிரேக் அடித்து என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனார். டீக்கடை பாய் உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்: "ஓடாதபா! நீ ஓடுனா அது வெளாட்டுன்னு நெனைக்கும். வண்டி கதவத் தொறந்துட்டு உள்ள குந்து."

உட்கார்ந்தேன். பாய் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு பொறை எடுத்து என் கையில் கொடுத்தார். வீட்டுத் தெருமுனைக் கடையில் தினமும் மாலையில் பாலுவுக்குப் பொறை வாங்கிப் போடுவேன், அந்த ஜாடி மூடி சத்தம் அவனுக்குத் தெரியும். பாயிடம் சொன்னேன். அவர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார், ஒரு இருபது நிமிடம். டீ கேட்டு வந்தவர்களையெல்லாம் "இரு, நாய் வரட்டும்" என்று நிறுத்தி வைத்தார். கடைசியில் ஒன்றும் நடக்காதவன் போல வாலை ஆட்டிக்கொண்டு வந்து காரில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கை வரவில்லை. அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். பாய் டீக்குக் காசு வாங்கவில்லை.

அந்த வாரமே ஹார்னஸ் வாங்கிவிட்டேன். "பணம் பிடுங்கும் வேலை" என்று இங்கே ஏன் எழுதினேன்? வாங்கினதற்குக் காரணம் கேட்டபோது வீட்டில் ஏதோ சொல்லிச் சமாளித்திருந்தேன். அதோடு ஒத்துப்போகட்டும் என்றுதான் போலிருக்கிறது. வேறு காரணம் தோன்றவில்லை.

எனவே, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம். கயிறு அதில்தான் மாட்ட வேண்டும், காருக்குள் சீட் பெல்ட்டோடு பூட்டுவதும் அதைத்தான். கழுத்தில் கட்டி வைத்துவிட்டு நீங்கள் சடன் பிரேக் போட்டால் முழு வேகமும் கழுத்தெலும்பில் இறங்கும். கழுத்துப்பட்டையும் இருக்கட்டும், அது போன் நம்பர் பொறித்த வில்லை தொங்கவிடுவதற்கு. கயிற்றை ஒருவர் கையில் பிடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் காரில் பின் கதவுக்குக் குழந்தைப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 20

வீட்டில் படித்துவிட்டாள்.

ஏப்ரல் 22

காட்பாடிக்காரர் கேட்கிறார்: "சார், நீங்கள் முதலில் கொடுத்த பட்டியலில் இப்போது மிச்சம் என்ன?" தண்ணீர், கிண்ணம், போர்வை, அட்டை. தண்ணீர்க் கணக்கைச் சரிபார்த்தேன்: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி சாதாரணத் தேவை. 30 கிலோ லேப் என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர். வெயிலில் இன்னும் கூடும். ஊற்றிக் குளிர்விக்கவும் வேண்டும் என்பதால் 5 லிட்டர் அப்படியே நிற்கட்டும். ஏதோ ஒன்றிலாவது நான் சரி.

"அவன் தலை பூசணிக்காய் மாதிரி இருக்கும், பட்டை உருவாது" என்றும் எழுதியிருக்கிறார். ஹார்னஸ் வாங்குங்கள் சார்.

ஏப்ரல் 27

நாய் காரில் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று குடியாத்தத்திலிருந்து கேள்வி. எதற்கெல்லாம் காரில் கூட்டிப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊசி போட மாட்டாஸ்பத்திரிக்கு. வேறு எங்கே? வேறு எங்கும் இல்லை. பின்னே எப்படி ஏறும்!

பாலுவுக்கும் இதே கதைதான். முதல் வாரம் வண்டியை எடுக்கவே இல்லை. நாலு கதவையும் திறந்து போட்டு, பின் சீட்டில் அவன் படுக்கும் சாக்கை விரித்து, அங்கேயே சாப்பாடு. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, வண்டி அசையாமல். அப்புறம் தெருமுனை வரை. அப்புறம் கிரீன் சர்க்கிள் ஒரு சுற்று. பிறகு பாலாற்றங்கரை, அங்கே மணலில் அரை மணி நேரம் ஓட்டம். மூன்று வாரம் பிடித்தது. இப்போது யார் வீட்டுக் கார் கதவு திறந்திருந்தாலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறான், அது வேறு தொல்லை. போன மாதம் ஒரு கல்யாண வண்டியில் ஏறிவிட்டான்.

குட்டி நாய்களுக்கு உள்காதில் சமநிலை உறுப்பு முழுதாக முதிராததால் வாந்தி அதிகம், வளர்ந்ததும் பல நாய்களுக்குத் தானாகக் குறையும். குறையாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், வாந்தியை அடக்க நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. நம் வீட்டு டப்பாவிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால்கூட அதற்கு ஆபத்து. தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதையும் சுயமாகச் செய்ய வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் நாய் சூடு ஏறுவதைக் காட்டிக்கொள்ளாது.

மே 1

தங்கும் இடம் பற்றி ஒன்று. ஏலகிரியில் ஒரு விடுதி, பெயர் வேண்டாம். போனில் "நாய் அலவுட் சார்" என்றார்கள். போய் இறங்கினால், அலவுட்தான், ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போட வேண்டுமாம். இரவு முழுக்க நான் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில். வாட்ச்மேன் தாத்தா உள்ளே கட்டிலில். பாலு என் காலடியில் குறட்டை.

"நாய் வரலாமா" என்று கேட்காதீர்கள். "நாய் எங்கள் அறைக்குள் எங்களோடு தூங்கலாமா, தனியாகக் காசு எவ்வளவு" என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மே 4

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஒன்பது மணிக்கே சத்துவாச்சாரி ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். உங்களால் ஏழு எண்ணும் வரை வைக்க முடியாத தாரில் நாயை நடக்க வைத்தால் உள்ளங்கால் தோல் உரிந்துவிடும்.

காட்பாடிக்காரருக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போடுங்கள். போகும்போது சிக்கல் இல்லை. நாலரைக்குக் கிளம்பினால் சுமார் 90 கிலோமீட்டர், ஏழு மணிக்குள் மலை மேல். திரும்புவதுதான் சிக்கல். 1000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், இரண்டு நாள் சில்லென்று இருந்துவிட்டு, விடுதியைக் காலி செய்து, சாப்பிட்டு, பகல் ஒரு மணிக்கு இறங்குவீர்கள். வாணியம்பாடியில் கதவைத் திறந்தால் அடுப்படி. அதிலும் என்னுடையது போலப் பின் சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் இல்லாத கார் என்றால், முன்னால் உங்களுக்குக் குளிரும், பின்னால் அவன் வேகுவான். போன வருடம் இதனால் மாலை ஐந்து வரை மேலேயே புங்கனூர் ஏரிப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன்.

பக் நாய் வளர்ப்பவர் ஒருவர், "ஏசி போட்டுக்கொண்டு போனால்?" என்கிறார். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப் பாதையே குறுகல், மூச்சிரைத்துச் சூடு இறக்கும் வேலை அதற்கு அரைகுறையாகத்தான் நடக்கும். ஏசி பழுதானால் என்ன செய்வீர்கள்? கத்திரி முடியும் வரை வேண்டாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பிசுபிசுவென்று எச்சில், ஈறு செக்கச்செவேல், நடை தள்ளாட்டம் என்று பார்த்தால் உடனே நிழல், சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம், முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி, விசிறி, அப்புறம் மருத்துவரிடம் ஓட்டம். ஈரத் துண்டைப் போர்த்தியே வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மே 5

தள்ளிப்போட்டுவிட்டாராம். கத்திரி கழிந்து, பள்ளி திறப்பதற்கு முன்னால் வரும் சனி, ஞாயிறு. பிள்ளைகள் என்மேல் கோபமாக இருக்கிறார்களாம். பரவாயில்லை.

மே 18

ஆம்பூரில் நிறுத்தாமல் போக முடியுமா என்று ஒருவர். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். சீரகச் சம்பா வாசனை பாலத்துக்கு மேலேயே வரும். ஆனால் பிரியாணி உங்களுக்கு. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், பிரியாணியில் இரண்டுமே உண்டு. பொட்டலத்தை எங்கே வைப்பீர்கள் என்பதையும் கிளம்பும் முன் யோசியுங்கள். நான் டிக்கியில் வைத்தேன். வேலூர் வரும் வரை பாலு என்னைப் பார்க்கவே இல்லை, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

பள்ளிகொண்டா டோலில் வெள்ளரிப்பிஞ்சு விற்றால் அவனுக்கு வாங்குங்கள். உப்பு, மிளகாய்த்தூள் தடவாமல். கீறி வைத்ததைக் கேட்காமலே தடவிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மே 29

கத்திரி முடிந்தது. காட்பாடிக்காரர் சனிக்கிழமை கிளம்புகிறார். குரங்கு பற்றிக் கேட்டார். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், லேப் குரைக்கும், நீங்கள் கத்தாதீர்கள். காட்டுப் பக்கம் கயிற்றை அவிழ்க்காதீர்கள். திரும்பியதும் காதுமடல், கால்விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவி உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தீனி எடுக்காமல் படுக்கும், பயணத்தை நாமே மறந்திருப்போம்.

ஜூன் 1, இரவு

போய் வந்துவிட்டார்கள். ஹார்னஸ் போட்ட படம் அனுப்பியிருக்கிறார், பூசணிக்காய்த் தலை என்பது பொய்யில்லை. பதினான்கு வளைவிலும் வாந்தி இல்லை, நாய்க்கு. முன் சீட்டில் இருந்த மச்சான் காட்பாடியிலேயே நாலு இட்லி சாப்பிட்டுக் கிளம்பினாராம். எந்தப் புலவர் வளைவு என்று கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.